பேர்பெற்ற அணியில் சேரும் பிள்ளைக்கு

கண்ணா, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நாடறிந்த அணி ஒன்றில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பந்தை எப்படி எறிவது என்று சொல்லித்தர உன் பயிற்சியாளர் இருக்கிறார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகும்போது மனசை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் நான் சொல்ல முடியும். நெடுங்காலமாக இந்த ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன்.

1. இனி உனக்குச் சாதாரண ஆட்டம் என்று ஒன்று கிடையாது. ஒரு பருவத்தில் முப்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடுவாய். உனக்கு அது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. எதிரணிக்கு அது ஊர்த் திருவிழா. மற்ற நாளில் பாதி காலியாகக் கிடக்கும் அரங்கம் நீங்கள் வரும் நாளில் நிரம்பி வழியும். நீங்கள் விழும் நாளில் நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில் வருபவர்கள் அவர்கள். அதனால் எந்த ஊரையும் சின்ன ஊர் என்று எண்ணாதே. 1982 டிசம்பர் 23 அன்று, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா ஹோனலூலுவில் ஆடியது. ஏழடி நான்கங்குல உயரமான ரால்ஃப் சாம்ப்சன் அந்த அணியில் இருந்தார். அதுவரை பலரும் பேர்கூடக் கேட்டிராத சாமினேட் என்ற சிறு கல்லூரி 77-72 என்று அவர்களை வென்றது.

2. எதிரணியின் பழைய ஆட்டங்களைக் காணொளியில் பார்ப்பாய். பார், ஆனால் அதையே நம்பிவிடாதே. போன வாரம் சோர்ந்து ஆடியவர் உன் முன்னால் தரையில் பாய்ந்து பந்தைப் பறிப்பார். உன் கல்லூரி தன்னைத் தேடி வரவில்லையே என்ற வடு அவருக்குள் இருக்கலாம். ‘நம்மிடம் மட்டும்தான் இப்படி ஆடுகிறார்கள்’ என்று உடைமாற்றும் அறையில் முணுமுணுப்பவர்களோடு சேராதே. அது உங்களுக்கு அவர்கள் தரும் மரியாதை.

3. பெரிய வித்தியாசத்தில் வெல்லும் நாளில் நாக்கை அடக்கு. வென்றவன் மறப்பான், தோற்றவன் மறக்கமாட்டான். 2016இல் கனெக்டிகட் பெண்கள் அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 98-38 என்று நசுக்கியது. அறுபது புள்ளி வித்தியாசம்! அடுத்த ஆண்டு மார்ச் 31 அன்று டாலஸில் இரு அணிகளும் மறுபடி மோதின. கனெக்டிகட் அப்போது தொடர்ந்து 111 ஆட்டங்கள் வென்றிருந்தது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில், ஐந்தடி ஐந்தங்குல உயரமே உள்ள மோர்கன் வில்லியம் எறிந்த பந்து கூடைக்குள் இறங்கியது. 66-64. அந்தத் தொடர் அங்கே முடிந்தது.

4. கூட்டம் எழுந்து நின்றுவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அப்போது புள்ளிப் பலகையைப் பார்க்காதே, உன் தோழர்களின் முகத்தைப் பார். 1974 ஜனவரி 19 அன்று, 88 ஆட்டங்கள் தொடர்ந்து வென்ற யூசிஎல்ஏ, நோட்ர டேம் அரங்கில் 70-59 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லை. அதன் பிறகு யூசிஎல்ஏவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை; நோட்ர டேம் தொடர்ந்து 12 எடுத்து 71-70 என்று வென்றது. பயிற்சியாளர் ஜான் வுடன், ஆடியவர் பில் வால்டன். அவர்களுக்கே அந்தக் கதி. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அடுத்த வாரம்தான். அதே இரு அணிகளும் லாஸ் ஏஞ்சலஸில் ஆட, யூசிஎல்ஏ 94-75 என்று வென்றது.

5. வசைச் சொற்கள் வரும். உன் பெயரைச் சொல்லியே கத்துவார்கள். அவர்கள் வெறுப்பது உன் சட்டையில் இருக்கும் பெயரை. அந்தப் பெயரைச் சேர்த்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வியர்வையை மட்டும் நீதான் சிந்த வேண்டும். பதில் பேசாதே.

6. சொந்த ஊர்க் கூட்டத்தையும் அளவோடு நம்பு. வெற்றிக்குப் பழகியவர்கள் தாமதமாக வருவார்கள், சீக்கிரம் கிளம்புவார்கள், இரண்டு புள்ளியில் ஜெயித்தால் முகம் சுளிப்பார்கள்.

7. தோற்றால் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் ஓடி வருவார்கள். 2024 பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்ட் டியூக்கை வென்றபோது, அப்படி ஓடி வந்த கூட்டத்தில் டியூக் வீரர் ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டது. கோபத்தில் யாரையும் தள்ளாதே. தோழர்களோடு சேர்ந்தே வெளியேறு. எதிரணியிடம் கைகுலுக்க வழியிருந்தால் கைகுலுக்கிவிட்டு வா.

இந்தப் பருவத்தின் ஆட்ட அட்டவணை உன் கைக்கு வந்ததும், நீ பேர் கேட்டிராத கல்லூரிகள் எவை என்று முதலில் குறித்து வை. பயிற்சியை அவர்களை நினைத்தே தொடங்கு, கண்ணா.