காக்கும் படையை அடக்கும் செல்கள்

நுழையும்முன்

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ஜீப்புகள், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றன. அவற்றில் செல்லும் பெண்கள் முதிர்ந்த காயைப் பறித்து, இளங்காயைச் சரத்திலேயே விட்டுவைப்பர். எதைக் கொள்வது, எதை விடுவது என அறிந்த விரல்கள் அவை. அவ்விரல்களை மடக்கவிடாமல் செய்யும் நோயொன்று, உடலைக் காக்கும் படையிலிருந்தே தோன்றுகிறது.

பயிற்சிக் களம்

நம் உடலின் டி செல்களுக்கும் இத்தகைய பகுத்தறிவு வேண்டும். மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் இவை முதிர்ச்சியடைகின்றன. சொந்தத் திசுக்களைப் பகையெனக் கொள்ளும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எனினும் சில தப்பிவிடுகின்றன. அவற்றை அடக்குவது எது?

ஒழுங்குபடுத்தும் செல்கள்

ஜப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி, பிற டி செல்களைக் கட்டுப்படுத்தும் தனிவகைச் செல்களை 1995இல் இனங்காட்டினார். அவையே ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஃபாக்ஸ்பி-3 என்னும் மரபணுவில் நேரும் பிழை கடுமையான தன்தாக்கு நோயை விளைவிப்பதை 2001இல் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் வெளிப்படுத்தினர். இச்செல்கள் உருவாக அம்மரபணு இன்றியமையாதது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இம்மூவரும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

முடக்குவாதம்

இக்கட்டுப்பாடு தளர்ந்தால், தாக்கும் டி செல்கள் மூட்டுகளில் திரள்கின்றன. அவற்றுள் ஒருவகை இன்டர்லூக்கின்-17 என்னும் புரதத்தைச் சுரந்து அழற்சியைத் தூண்டுகிறது. மூட்டின் உட்சவ்வு வீங்குகிறது. குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது.

இதற்கு முதன்மையாக வழங்கப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக்குழு, 1940களில் அமெரிக்காவில் இதனை உருவாக்கியது. புற்றுநோய்க்கெனப் பயன்பட்ட இம்மருந்து, சிறிய அளவில் மூட்டழற்சியைத் தணிக்கிறது. அரிக்கப்பட்ட மூட்டினை மருந்து மீட்டுத் தராது. எனவே, தொடக்கத்திலேயே மருத்துவம் பெறுதல் வேண்டும்.

காலையில் எழுந்ததும் விரல்மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரத்திற்கு மேலும் இறுக்கம் நீங்காதிருப்பின், அதனை உழைப்பின் களைப்பெனத் தள்ளிவிடலாகாது. பகையை வெல்லும் ஆற்றலோடு, தன்னை அடக்கும் ஆற்றலும் சேர்ந்ததே நோய் எதிர்ப்பாற்றல் ஆகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் கைவிரல்களை நம்பி நடைபெறும் தொழில்களைப் பட்டியலிட்டு, முடக்குவாதத்தின் தொடக்க அறிகுறிகளை அத்தொழிலாளர்க்கு உணர்த்தும் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.