தகவல்தளம் வளரும்போது

சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், மளிகைக் கடையின் கடன் கணக்கு, டியூஷன் வகுப்பின் கட்டண விவரம் என்று ஏதாவது ஒரு பட்டியலைக் கணிப்பொறியில் வைத்திராதவர் இன்று நம்மிடையே குறைவு. ஐம்பது பேர் இருக்கும்வரை தொல்லையில்லை. ஐயாயிரம் பேர் ஆனதும் தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பெரிய கணிப்பொறி வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: முதலில் ஒழுங்கு, அடுத்து வேகம், அதற்குப் பிறகே பெரிய இயந்திரம். இந்த வரிசையிலேயே பார்ப்போம்.

ஒரு செய்தி, ஓரிடம்

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, டேட்டாபேஸ் எனப்படும் தகவல்தளத்துக்குப் புதிய அடிப்படை அமைத்தது. செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, பொதுவான ஓர் அடையாளத்தால் இணைப்பது அவர் காட்டிய வழி. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாம் அவ்வழியில் வந்தவையே.

சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். உறுப்பினருக்கு ஓர் அட்டவணை, சந்தாவுக்கு ஓர் அட்டவணை. முகவரி முதலாவதில் மட்டும் இருக்கட்டும். இரண்டாவதில் உறுப்பினர் எண், தொகை, தேதி போதும். சந்தா வரிகள்தோறும் முகவரியையும் எழுதி வைத்தால், வாடகை வீடு மாறும் குடும்பத்துக்குப் பத்து இடங்களில் திருத்தவேண்டி வரும். ஒன்று விட்டுப்போனாலும், எது சரியான முகவரி என்று கணிப்பொறிக்குத் தெரியாது.

இணைக்கும் அடையாளமாகப் பெயரை வைக்கக் கூடாது. இது நமக்கு மிகவும் பொருந்தும். ஊரில் எஸ். ராமநாதனாக இருந்தவர், இங்கே படிவங்கள் குடும்பப் பெயர் கேட்பதால் வங்கியில் ராமநாதன் சுப்பிரமணியன் ஆகிறார். அலுவலகத்திலோ சுப்பிரமணியன் ராமநாதன். ஒருவரே மூவராகப் பதிவாகிவிடுவார். தொலைபேசி எண்ணும் மாறக்கூடியதே. ஆகவே ஆளுக்கொரு வரிசை எண் கொடுத்து, அதை ஒருபோதும் மாற்றாதிருங்கள்.

எக்ஸெல்லின் எல்லை

எக்ஸெல் கணக்குத் தாள்; தகவல்தளம் அன்று. அதன் பழைய கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளே கொள்ளும். 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது இந்த எல்லைதான் காலை வாரியது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையான 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. இன்றைய வடிவத்தில் 10,48,576 வரிகள் கொள்ளும். ஆனாலும் பலர் ஒரே நேரத்தில் எழுதும் பதிவேட்டுக்கு உரிய இடம் தகவல்தளமே. போஸ்ட்கிரெஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

தேடும் வேகம்

தேடுதல் மந்தமானால் முதலில் பார்க்கவேண்டியது இன்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்றது அது. இன்டெக்ஸ் இல்லையென்றால் பத்து லட்சம் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்ட நேரிடும். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் சுமார் 20 ஒப்பீடுகளில் வேண்டியது அகப்பட்டுவிடும். 'எக்ஸ்பிளைன்' என்ற கட்டளை, கணிப்பொறி எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும். அதைப் பார்த்தபின் தேவையான இடத்தில் மட்டும் இன்டெக்ஸ் போடுங்கள். புதிய பதிவு சேரும்போதெல்லாம் இன்டெக்ஸையும் திருத்தவேண்டுமாகையால், எல்லாவற்றுக்கும் போட்டால் எழுதும் வேகம் குறைந்துவிடும்.

பெரிதாக்கும் முறை

இத்தனைக்குப் பிறகும் போதவில்லையென்றால் நினைவகத்தைக் கூட்டுங்கள். படிப்பவர் அதிகம், எழுதுபவர் குறைவு என்றால் 'ரெப்ளிகா' எனப்படும் படி ஒன்றை வேறு இயந்திரத்தில் வைத்து, படிக்கும் வேலையை அங்கே அனுப்பலாம். அந்தப் படி சற்றுப் பின்தங்கியிருக்கக்கூடும் என்பதால், பணம் கட்டிய அடுத்த நொடி இருப்பைக் காட்ட அதை நம்பாதீர்கள். எழுதும் வேலையே ஓர் இயந்திரத்துக்கு மீறிப்போனால்தான் பதிவுகளைப் பல இயந்திரங்களுக்குப் பங்கிடும் 'ஷார்டிங்'. பங்கு பிரித்த குடும்பத்தில் மொத்தக் கணக்குப் பார்ப்பதுபோல் அது தொல்லை பிடித்தது. இத்தொழிலில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் பலர் இதிலிருந்தே தொடங்க ஆசைப்படுகிறார்கள். இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீட்டுப் பார்த்த நகலே நகல்

ரெப்ளிகா இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தகவல்தளத்தையே அழித்துவிட்டார். அன்றாட பேக்கப்பைத் தேடினால், மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை என்று தெரியவந்தது. அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்திருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. நடந்ததை அந்நிறுவனமே ஒளிக்காமல் உலகுக்கு அறிவித்தது.

ஆகவே பேக்கப் ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை அதை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, பதிவுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். ஒத்துப்போகாவிட்டால், மூலம் கையில் இருக்கும்போதே குறை தெரிந்ததே என்று மகிழ்ந்து சரிசெய்துகொள்ளலாம்.