எஸ்.எஸ்.எல்.சி. கிரேடைப் படிக்கும் முறை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படிக்கும் மகளுக்குக் கணக்கில் ‘பி பிளஸ்’. அவள் முன்னேறினாளா என்பதை இதிலிருந்து அறிய முடியுமா?

பதில்: கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் 2005 முதல் கிரேடு முறை உள்ளது. சித்தூரிலோ மூணாறிலோ தமிழில் எழுதுவோருக்கும் அளவுகோல் ஒன்றே: 90 முதல் ஏ பிளஸ், 80 முதல் 89 வரை ஏ, 70 முதல் 79 வரை பி பிளஸ் என்று பத்துப் பத்தாக இறங்கும். மேற்படிப்புக்குக் குறைந்தது டி பிளஸ், அதாவது 30 வேண்டும்.

கணக்கில் எழுத்துத் தேர்வுக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20. தொடர் மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெற்றவர் எழுத்துத் தேர்வில் பத்தே எடுத்தாலும் டி பிளஸ் வந்துவிடும். படிப்பில் உள்ள பெரிய ஓட்டையை இது மறைத்துவிடுகிறது. அதனால்தான் 2024-25இல் 8ஆம் வகுப்பிலிருந்து தொடங்கி, எழுத்துத் தேர்வில் தனியே 30 சதவீதம் கட்டாயமாக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்.

கிரேடு மாணவர் நிற்கும் இடத்தைச் சொல்லும், கடந்த தூரத்தைச் சொல்லாது. 71இலிருந்து 79க்கு உயர்ந்தாலும் பி பிளஸ்தான். 79இலிருந்து 80க்கு ஒரே மதிப்பெண் ஏறினால் ஏ. வளர்ச்சியை அறிய ஓணம், கிறிஸ்துமஸ் பருவத் தேர்வுகளின் விடைத்தாள்களை வாங்கி, எழுத்துத் தேர்வு மதிப்பெண்களை மட்டும் வரிசையாக ஒப்பிட வேண்டும்.