அரிசி டிரம்மில் பழுக்காத பழம்

மாம்பழம் வாங்கிப் பழகிய வீடு எங்களுடையது. செங்காயாக வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டால் நாலாம் நாள் வீடே மணக்கும். அந்தத் தைரியத்தில்தான் ஒரு டிசம்பரில், காம்புப் பக்கம் பாதி வெளுத்திருந்த ஸ்ட்ராபெர்ரிப் பெட்டி ஒன்றை விலை மலிவு என்று வாங்கி வந்தேன். இரண்டு நாள் வெளியே வைத்தால் கனிந்துவிடும் என்று கணக்கு. மூன்றாம் நாள் சிவப்பு என்னவோ ஏறியிருந்தது. கடித்தால் அதே புளிப்பு. அடியில் கிடந்த இரண்டில் சாம்பல் பூத்தாற்போலப் பூசணம் வேறு.

பிறகுதான் விஷயம் புரிந்தது. மாவும் வாழையும் பறித்த பிறகும் தம்மிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். ஸ்ட்ராபெர்ரியிடம் அந்தக் கையிருப்பு கிடையாது. செடியில் இருக்கும்வரை இலை ஊட்டுவதுதான் அதன் இனிப்பு. பறித்துவிட்டால் நிறம் கூடும், இனிப்பு கூடாது. திராட்சையும் அன்னாசியும் இதே கட்சிதான்.

ஆகவே இப்போது நான் முதலில் பார்ப்பது பச்சைத் தொப்பிக்குக் கீழே இருக்கும் தோள்பட்டையை. அங்கே வெள்ளை தெரிந்தால் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுவேன். சென்னைக் கடைகளில் நான் பார்க்கும் பெட்டிகள் பெரும்பாலும் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பக்கத்திலிருந்து வருபவை. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் குலுங்கி வர வேண்டும் என்பதால் முக்கால் சிவப்பிலேயே பறித்துவிடுகிறார்கள். வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. முழுதாகப் பழுத்தது வழியிலேயே கூழாகிவிடும்.

செடியிலேயே பழுத்ததன் வித்தியாசத்தை ஒரு ஜனவரியில் பஞ்ச்கனி போனபோது மூக்கிலேயே தெரிந்துகொண்டேன். சாலையோரத் தோட்டத்தில் நான் ஆசையாகக் கை நீட்டியது எலுமிச்சை அளவுப் பழத்துக்கு. தோட்டக்காரர் தலையை ஆட்டி, கட்டை விரல் நுனியளவு ஒன்றைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டினார். அவர் பேசிய மராத்தி எனக்குப் புரியவில்லை, அந்த வாசனை புரிந்தது. அன்றிலிருந்து பெரிய பழத்தின் மீதிருந்த மோகம் போய்விட்டது. பெரிதாக இருப்பதாலேயே மட்டம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் நான் அறுத்துப் பார்த்த பெரிய பழங்கள் பலவற்றில் நடுவே பொந்துதான் இருந்தது.

மாம்பழத்தைக் காம்பில் முகர்வதுபோல இதையும் முகரலாம். பெட்டி மூடியில் காற்றுத் துளைகள் இருக்கும், அங்கே மூக்கை வைத்தால் போதும். பக்கத்தில் நிற்பவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஏசிக் கடையில் குளிர்ந்து கிடக்கும் பழம் மட்டும் மணக்காது. அங்கே தொப்பியைத்தான் நம்ப வேண்டும்: பச்சையாக விறைத்து நின்றால் புதுசு, வாடிச் சுருண்டால் பழசு.

கடைசியாகப் பெட்டியைத் தலைகீழாக்கிப் பார்ப்பேன். மேல் வரிசை எப்போதும் கல்யாண வீட்டு முன்வரிசை போல ஜோராகத்தான் இருக்கும். கதை அடியில். சிவப்புச் சாறு கசிந்திருந்தாலோ கன்றிப்போன ஒன்று தெரிந்தாலோ வாங்குவதில்லை, ஒன்றின் பூசணம் பக்கத்துப் பழத்துக்குத் தாவ ஒரு ராத்திரி போதும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவக் கூடாது. ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும். நசுங்கியதைப் பொறுக்கி அன்றே தின்றுவிட்டு, மீதியைக் காகிதம் விரித்த டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். இரண்டு நாள் தாங்கும். தின்பதற்கு அரை மணி முன் எடுத்து வெளியே வைத்தால் குளிர் விட்டு மணம் திரும்பும். தின்னும்போது கழுவிய பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறிச் சப்பென்று ஆகிவிடும்.

இத்தனை பார்த்தும் சில சமயம் புளிப்புப் பெட்டி வந்து மாட்டும். அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருக்கிறாள். நாலாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, மாங்காய்க் கீற்றுபோலத் தட்டில் பரப்பிவிடுவாள். போன வாரம் அந்தத் தட்டு என் கைக்கு வருவதற்குள் காலி.