நெடுநாள் நின்ற விமான யந்திரம்

என் அருமைப் பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பயிற்சிக் கழகத்தின் கொட்டகையில் எட்டு மாதமாக நிற்கும் செஸ்னா-172 விமானத்தை மறுபடியும் பறக்கவிட உத்தேசித்திருக்கிறார்கள் என்றும், அந்த நாள் வரும்வரை யந்திரம் கெடாமலிருக்க வாரந்தோறும் பத்து நிமிஷம் தரையிலேயே ஓட்டி நிறுத்தலாமென்று சிலர் யோசனை சொல்கிறார்கள் என்றும், அது தகுமா என்றும் கேட்டிருக்கிறாய். தகாது, குழந்தாய். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்தக் காரியம், யந்திரத்தைச் சும்மா விட்டுவைப்பதைக் காட்டிலும் அதிகத் தீங்கு செய்யும். காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன். மேலதிகாரிகளிடம் நீ எடுத்துச் சொல்ல வேண்டி வந்தால், தாத்தா சொன்னார் என்பது போதாதல்லவா?

உங்கள் விமானத்தில் இருப்பது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் தோன்றிய லைகாமிங் ஓ-320 என்று எழுதியிருக்கிறாய். நான்கு சிலிண்டர்களைக் கொண்ட, காற்றினால் குளிரும் அந்த யந்திரம் உழைப்புக்குப் பெயர் போனது. முறையாகப் பறந்துகொண்டிருந்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் முணுமுணுக்காமல் உழைக்கும். ஆனால் அதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே, யந்திரத்தின் உச்சியில் இருக்கிறது. கிராங்க்ஷாஃப்டின் பேரிங்குகளுக்குப் பம்பு தன் அழுத்தத்தால் ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கேமின் முகடுகளுக்கும் அவற்றோடு அழுந்தி உராயும் டேப்பெட்டுகளின் முகங்களுக்குமோ, சுழலும் கிராங்க்கிலிருந்து தெறித்துச் சிதறும் ஆயில்தான் ஆதாரம். கான்டினென்டல் நிறுவனத்து யந்திரங்களில் கேம்ஷாஃப்ட் கீழே, ஆயில் தொட்டிக்கு அருகில் இருப்பதால் அவற்றுக்கு இந்தச் சங்கடம் சற்றுக் குறைவு. அறவே இல்லையென்று எண்ணிவிடாதே.

யந்திரம் நின்றவுடன் மேலே படிந்திருந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து தொட்டிக்குத் திரும்புகிறது. வாரங்கள் செல்லச் செல்ல, கேமின் முகட்டில் எஞ்சுவது ஒரு மெல்லிய ஈரப்பூச்சு மாத்திரமே. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால், வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையும் தாங்கிய இரண்டு எஃகு முகங்கள் ஏறக்குறைய வறண்ட நிலையில் ஒன்றையொன்று தேய்க்கின்றன. மற்ற எந்தப் பாகத்தைக் காட்டிலும் அந்தச் சில விநாடிகளில் கேம் படும் துன்பமே பெரிது.

வறட்சி மட்டும் பகையாக இருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். அதோடு சேர்ந்து வரும் துருதான் உண்மையான பகை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு ஆவியாக வெளியேறிவிட்டாலும், ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து உள்ளே இறங்கி, எரிதலில் பிறந்த அமிலங்களோடு ஆயிலில் கலந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் பறந்தால் ஆயில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய உஷ்ணத்தில் நிலைத்து, அந்த ஜலம் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே போய்விடும். தரையில் பத்து நிமிஷம் ஓட்டினால் என்ன நேர்கிறது? போதிய காற்று வீசாததால் சிலிண்டர் தலைகள் சூடேறுகின்றன. ஆயிலோ வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. புதிதாக உண்டான நீராவி வெளியேற வழியின்றி, சோற்றுப் பானையின் மூடியில் வேர்ப்பதுபோல், யந்திரம் ஆறியதும் அதன் உச்சியில், கேமின்மேலும் டேப்பெட்டின்மேலும், துளித்துளியாகப் படிகிறது. ஆகவே அந்த வாராந்தரச் சடங்கு ஒவ்வொரு முறையும் ஒரு வறண்ட ஸ்டார்ட்டையும் ஓர் அமில ஸ்நானத்தையும் சேர்த்தே அளிக்கிறது.

ஈரப்பதம் மிகுந்த பிரதேசங்களில், புதிய யந்திரத்தின் சிலிண்டர் சுவர்களில் இரண்டே நாட்களில்கூடத் துரு காணலாமென்று லைகாமிங் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. கடற்காற்று வீசும் உங்கள் நிலையத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுவதில்லை. டேப்பெட்டின் கடினமான முகத்தில் துரு ஊசிமுனையளவு குழி பறித்துவிட்டால், பிறகு எத்தனை உயர்ந்த ஆயிலை ஊற்றினாலும் அந்தக் குழி அகன்று, உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்து, ஆயில் ஃபில்டரில் வந்து சேரும். உங்கள் ரகத்தில் டேப்பெட்டை மாற்ற வேண்டுமானால், யந்திரத்தை இறக்கி அதன் கூட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு சிறு கழகத்தின் வருஷ வருமானத்தையே விழுங்கிவிடக்கூடிய செலவு அது. இதே ஓ-320 குடும்பத்தில் 1977-ஆம் வருஷத்து செஸ்னா-172-க்கு வந்த எச்2ஏடி என்ற ரகத்தில் கேமும் டேப்பெட்டும் தேய்வது பெரும் புகாராகி, ஆயிலில் தனியாக ஒரு சேர்க்கைப் பொருளைக் கலக்க விதிக்க நேர்ந்தது. 1981-ஆம் வருஷத்து மாடலில் செஸ்னா நிறுவனம் வேறு ரகத்துக்கு மாறிற்று. கேமின் பிரச்சினை எவ்வளவு பெரியதென்பதற்கு இதுவே சாட்சி.

ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைத்தால் ஆயில் பரவுமே என்று இன்னொருவர் சொல்லக்கூடும். பரவாது. கையால் சுற்றும் வேகத்தில் ஆயில் தெறிப்பதுமில்லை, கேமை எட்டுவதுமில்லை. சிலிண்டர் சுவரில் மிஞ்சியிருக்கும் பூச்சையும் வளையங்கள் வழித்தெடுத்துவிடும். அதைவிட முக்கியமானது ஒன்று: ஸ்விட்சை அணைத்திருந்தாலும், மேக்னெட்டோவைத் தரையோடு இணைக்கும் கம்பி அறுந்திருந்தால் அது உயிரோடுதான் இருக்கும், ஒரு பொறி போதும், ப்ரொப்பெல்லர் கையைக் கொண்டுபோய்விடும். ஸ்விட்சை நம்பி ப்ரொப்பெல்லரின் வீச்சுக்குள் ஒருபோதும் நிற்காதே.

நீண்ட நாள் நிறுத்தப் போவது முன்பே தெரிந்திருந்தால், பாதுகாப்பு ஆயிலை ஊற்றி, நன்றாகச் சூடேறும்படி ஓட்டி, பிளக் துவாரங்களின் வழியே சிலிண்டர்களுக்குள் அதையே தெளித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அடைத்த பிளக்குகளைப் பொருத்தி, புகைக்குழாயையும் மூச்சுக்குழாயையும் அடைத்து, ‘சுற்றாதே’ என்ற பலகையையும் தொங்கவிட்டிருக்கலாம். அந்த ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தில் நிறைந்துவிட்டதென்று பொருள், மாற்றிவிட வேண்டும். உங்கள் விமானத்துக்கு இவை எதுவும் செய்யப்படவில்லையென்பதால், இப்போது எஞ்சியிருப்பது முதல் ஸ்டார்ட்டை ஒழுங்காகச் செய்வது.

முதலில் போரோஸ்கோப்பைப் பிளக் துவாரத்தில் விட்டுச் சிலிண்டர் சுவர்களைப் பார்க்கச் சொல். துரு தென்பட்டால், ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமை நேரில் காண்பதற்குத் தயங்க வேண்டாம். காற்று வரும் வழிகளில் குளவிக்கூடோ பறவைக்கூடோ இருக்கிறதா என்று பார். பெட்ரோல் தொட்டிகளின் அடியில் தண்ணீர் இருந்தால் வடித்துவிடு. பழைய ஆயிலை இறக்கிப் புதியது ஊற்றி, ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி, பெட்ரோலை அடைத்து, மிக்ஸ்சர் பிடியை முழுதும் இழுத்து, மேக்னெட்டோவை அணைத்து, ஸ்டார்ட்டரால் 10 முதல் 15 விநாடி சுற்றுங்கள். அழுக்கம் இல்லாததால் பேரிங்குகளின்மேல் பாரம் விழாது. பம்போ ஆயிலை உள்வழிகளுக்கெல்லாம் தள்ளிவிடும். சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தம் அளவுமானியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்டார்ட்டர் ஆறும்வரை பொறுத்து மறுபடி சுற்றுங்கள். பல முறை முயன்றும் முள் அசையாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது.

அழுத்தம் வந்ததும் பிளக்குகளைப் பூட்டித் தாமதமின்றி ஸ்டார்ட் செய்யுங்கள். மறுநாளைக்கு ஒத்திவைத்தால் செய்த வேலையில் பாதி வடிந்துபோகும். இந்த ஏற்பாடு பேரிங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு. கேமுக்கு அப்படியல்ல, அதற்கு யந்திரம் ஓடினால்தான் ஆயில் தெறிக்கும். அதனால்தான் ஓடத் தொடங்கியதும் நிமிஷத்துக்கு 1000 சுற்றை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மிகவும் தாழ்த்தினால் தெறிப்பு குறையும், மிகவும் உயர்த்தினால் வறண்ட முகங்கள் தேயும். 30 விநாடிக்குள் ஆயில் அழுத்தம் காட்டாவிட்டால் யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும்.

அன்றே ஒரு மணி நேரம் பறக்கவிடுங்கள். சில மணி நேரம் பறந்தபின் ஃபில்டரை வெட்டித் திறந்து, அதன் காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்து, உலோகச் செதில் இருக்கிறதா என்று நீயே பார். பிறர் பார்த்துச் சொன்னதை ஏற்காதே. உன் பொறுப்பாளர் அருகில் இருக்க, உற்பத்தியாளரின் கையேடு மேஜைமேல் திறந்திருக்க, இவையெல்லாம் நடக்கட்டும். அதற்கு முன்னால், இந்த வாரமே, அந்தப் பத்து நிமிஷ ஓட்ட யோசனையைக் கைவிடும்படி செயலாளரிடம் சொல்லிவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் தாத்தா