பிபி நார்மல் என்று நிறுத்திவிடாதே

சேரப்பணஞ்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நர்சிங்கில் பேத்தாலஜி பாடம் தொடங்கிவிட்டது, மனப்பாடம் செய்தே மண்டை காய்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். எந்த நோயைப் படித்தாலும் மூன்று கேள்வி கேள்: எது கெட்டது? அதைச் சரிக்கட்ட உடம்பு என்ன செய்கிறது? அந்தச் சரிக்கட்டல் எப்போது கைவிடும்? பதில் தெரிந்தால் அறிகுறிகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

நம் பக்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அப்படி வாந்தியும் வயிற்றுப்போக்குமாக, இருபது வயதுப் பெண் ஒருத்தி நாளை உன் வார்டுக்கு வரலாம். பிபி 106/84. நார்மல் என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதே.

நீரும் உப்பும் வெளியேறியதால் ரத்தத்தின் அளவு குறைந்திருக்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே கண்டுகொள்ளும். சிம்பதெடிக் நரம்புகள் இதயத்தை விரட்டும். தோலுக்கும் குடலுக்கும் போகிற குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைக் காப்பாற்றும். கிட்னி உப்பையும் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பெண்ணைப் பார். பல்ஸ் 124. கை சில்லிட்டிருக்கிறது. நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 2 நொடிக்கு மேலாகிறது. யூரின் மணிக்கு 30 மில்லிகூட இல்லை. பிபியின் இரண்டு எண்களுக்கும் நடுவே வழக்கமாக 40 அளவில் இருக்கும் இடைவெளி, இவளுக்கு 22தான். குழாய்கள் இறுகியதால் கீழ் எண் ஏறி நிற்கிறது. அவள் ஷாக்கின் முதல் படியில் இருக்கிறாள். பிபி மட்டும் அதைக் காட்டவில்லை. இளம் உடம்பு வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். கைவிட்டால் சட்டென்று கைவிடும். ரத்தப்போக்கிலும் அப்படித்தான்: 30 சதவீதம் ரத்தம் போகும்வரைகூட மேல் எண் இறங்காமல் இருக்கலாம்.

காரணம் தெரிந்தால் வைத்தியமும் விளங்கும். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து குடல் செல்லுக்குள் நுழையும் வழி வயிற்றுப்போக்கிலும் அடைபடுவதில்லை. தண்ணீரும் கூடவே போகும். 1971-இல் வங்காளத்துப் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி ட்ரிப் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த அறிவை நம்பித்தான் உப்பு சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

பிபியைப் போலவே நாடியும் ஏமாற்றும். ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கம் வேலைக்கு வந்தால் பிரஸ் மெஷினில் நசுங்கிய கைகளையும் பார்ப்பாய். முழங்கைக்குக் கீழே வீங்கி இறுகியிருக்கும். மணிக்கட்டில் நாடி நன்றாகவே கிடைக்கும். அதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதே. தசை உறைக்குள் அழுத்தம் ஏறும்போது நுண்குழாய்கள்தான் முதலில் அடைபடும். தமனி பிறகும் துடித்துக்கொண்டிருக்கும். விரலை மெல்ல நீட்டிப் பார். காயத்துக்குப் பொருந்தாத அளவு வலியில் துடித்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு. சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும்.

கிளினிக்கல் போஸ்டிங்கில் தினமும் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு அந்த மூன்று கேள்விக்கும் நோட்டில் பதில் எழுது. டாக்டருக்குப் போன் போட்டால் "ஒரு மாதிரி இருக்கிறாள்" என்று இழுக்காதே. "பல்ஸ் 124, கை சில்லிட்டிருக்கிறது, இரண்டு மணி நேரமாக யூரின் குறைவு, பிபி இன்னும் இறங்கவில்லை" என்று சொல். "பிபிதான் நன்றாக இருக்கிறதே" என்று யாராவது தட்டிக்கழித்தாலும் விடாதே, மறுபடி கூப்பிடு. ராத்திரி டியூட்டியில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவள் நீதான்.

அன்புடன்,
பெரியம்மா