சிவப்பெல்லாம் மாணிக்கமா?

அன்புள்ள கயல்,

நாட்டிய வகுப்புக்கு வாங்கிய கெம்பு செட்டில் இருப்பது அசல் கெம்பா என்று கேட்டிருந்தாய். அந்த விலைக்கு அசலா வரும்! சிவப்புக் கண்ணாடி. மேடை விளக்கில் பளிச்சென்று தெரியத்தானே அது? அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது, விடு.

சிவப்பை நம்பி அரசர்களே ஏமாந்திருக்கிறார்கள். இங்கிலாந்து மணிமுடியின் நெற்றியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்றொரு கல் பதித்திருக்கிறது; ஏறக்குறைய 170 காரட், அதாவது 34 கிராம். பல நூற்றாண்டுகள் மாணிக்கமென்றே கொண்டாடப்பட்ட அது உண்மையில் ஸ்பைனல் என்ற வேறு கனிமம். ஸ்பைனலில் மக்னீசியமும் உண்டு. மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு. இரண்டையும் சிவக்க வைப்பது அதே துளி குரோமியம்தான், கண் என்ன செய்யும்? குரோமியத்துக்குப் பதில் இரும்பும் டைட்டானியமும் கலந்திருந்தால் மாணிக்கத்தின் கனிமமே நீலக்கல்லாகிவிடும்.

இன்னொரு சிக்கலை 1902இல் வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலர் கொண்டுவந்தார். அலுமினியம் ஆக்சைடு தூளைக் கடும் சுடர் வழியே சொரிந்து உருக்கி, சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். இது கண்ணாடி அல்ல; பொருளும் கடினமும் அசலேதான். அதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லாமல் விற்றால்தான் மோசடி.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். சுடரில் வளர்ந்த கல்லுக்குள் இசைத்தட்டின் வரிகள் மாதிரி வளைந்த கோடுகள் தெரியும், சில சமயம் காற்றுக் குமிழிகளும். மண்ணில் விளைந்ததில் கோடுகள் நேராக ஓடி முனையில் மடங்கும். நுண்ணிய ஊசிகள் பின்னிக் கிடக்கும், வியாபாரிகள் அதைப் ‘பட்டு’ என்பார்கள். மாசே இல்லாத பெரிய மாணிக்கத்தை மலிவாக நீட்டினால் சந்தேகப்படு.

சூடேற்றி நிறம் கூட்டுவது கல் வியாபாரத்தில் சகஜம். கேட்டால் நேர்மையானவர் சொல்லிவிடுவார். வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்தான் வம்பு. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். பழைய மோதிரத்தைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது, ஆசாரி ஊதுகுழல் எடுக்கும் முன்பே கல்லைக் கழற்றிவிடச் சொல்.

அன்புடன்,
அத்தை